டீசல் தீரும், மின்னோட்டம் தீராது

லிட்டில் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில், போர்ட் பிளேருக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறது ஹட் பே. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய அந்தத் தலைநகரோடும் சரி, சென்னையோடும் சரி, இந்த ஊரை இணைக்கும் மின்கம்பி கிடையாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியாகத் தென்னிந்தியாவும் சேர்ந்துகொண்டதும் பெருநிலத்தின் மின்தொகுப்பு முழுவதும் ஒன்றானது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் அதற்கு வெளியே நிற்கின்றன. ஹட் பேயின் விளக்குகள் பெரும்பாலும் உள்ளூர் டீசல் எஞ்சின்களை நம்பியே எரிகின்றன. அந்த டீசல் கடல் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். டீசல் வந்தால் மின்சாரம், வராவிட்டால் இருட்டு. ஆகவே கப்பலில் வந்து இறங்குவதுதான் மின்சாரமாக மாறிக் கம்பி வழியே வீட்டுக்கு வந்து, விளக்கில் எரிந்து தீர்ந்துபோகிறது என்று எண்ணுவது இயல்பு. பள்ளியில் மின்சுற்றுப் படம் வரைந்த பலருக்கும் மனதின் அடியில் இந்த எண்ணம்தான் தங்கியிருக்கிறது. இதில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதி உயிருக்கே கேடு செய்யக்கூடியது. மின்னோட்டம் எங்கும் தீர்வதில்லை, தீர்வது ஆற்றல்தான். ஊர் முழுவதும் ஒரே சிறு மின்தொகுப்பாக இயங்கும் ஹட் பேயை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாக விளங்கும்.

முதலில் மின்னோட்டம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களில் அணுவைவிட்டு அணு நகரக்கூடிய எலக்ட்ரான்கள் ஏராளமாக உள்ளன. ஒரு கன மீட்டர் செம்பில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 85-க்குப் பின் 27 சுழியங்கள் போட்டால் வரும் எண். கம்பி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இவை உள்ளே இருக்கின்றன; எந்த மின்நிலையமும் இவற்றை உண்டாக்கி அனுப்புவதில்லை. கம்பியின் ஒரு வெட்டுமுகத்தை ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடக்கிறது என்பதே மின்னோட்டத்தின் அளவு. ஓர் ஆம்பியர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 6-க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் எலக்ட்ரான்கள் கடக்கின்றன. இனி ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு அம்மீட்டர்கள் எடுத்துக்கொண்டு, பல்புக்கு முன்னால் ஒன்றையும் பின்னால் ஒன்றையும் இணைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டும். பல்பு எரிகிறது, சூடாகிறது, ஆனால் உள்ளே போன மின்னோட்டத்தில் துளியும் குறையாமல் வெளியே வருகிறது. 1845-இல், இருபத்தோரு வயது மாணவராக இருந்தபோது, குஸ்தாவ் கிர்க்காஃப் இதை விதியாகவே எழுதிவைத்தார்: மின்சுற்றின் எந்தச் சந்திப்பிலும் வந்து சேரும் மின்னோட்டமும் விலகிப் போகும் மின்னோட்டமும் சமம்.

இது ஆய்வகத்தில் மட்டும் செல்லுபடியாகும் விதி என்று தோன்றினால், வீட்டு மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவியைப் பார்க்கலாம். ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் அதற்குள் ஒரே இரும்பு வளையத்தின் நடுவே செல்கின்றன. ஃபேஸில் உள்ளே போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வித்தியாசம் வந்தாலே கருவி இணைப்பைத் துண்டிக்கிறது. வீட்டில் மின்விசிறி, மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டி என்று எத்தனை ஓடினாலும் அது சும்மா இருக்கிறது. விசிறி மின்னோட்டத்தைத் தின்றுவிடும் என்பது உண்மையானால், ஸ்விட்சைப் போட்ட மறுகணமே ஒவ்வொரு வீட்டிலும் இந்தக் கருவி விழ வேண்டும். அது விழாமல் இருப்பதே போனது அத்தனையும் திரும்பி வருகிறது என்பதற்கு அன்றாடச் சான்று.

மின்நிலையத்தில் புறப்பட்ட எலக்ட்ரான் நம் வீட்டுக்கு வருகிறது என்பதும் உண்மையில்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 5 ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்குக் கால் மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் வீடுகளில் இருப்பதோ நொடிக்கு 50 சுழற்சிகளாக முன்னும் பின்னும் திசை மாறும் மாறுமின்னோட்டம். அதில் எலக்ட்ரான் முன்னும் பின்னுமாக அலைவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு தூரம். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்கு நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அதில் 11,000 வோல்ட் பக்கத்துச் சுருளும் நம் வீட்டுப் பக்கத்துச் சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையே காந்தப்புலம் மட்டுமே. ஒரு பக்கத்து எலக்ட்ரான் மறுபக்கம் வர வழியே கிடையாது. நம் வீட்டுச் சுவருக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் கம்பி போட்ட நாளிலிருந்து ஏறத்தாழ அங்கேயேதான் இருக்கின்றன.

அப்படியானால் ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எப்படி உடனே எரிகிறது என்ற கேள்வி எழும். சைக்கிளை நினைத்துப் பார்க்கலாம். பெடலை மிதித்ததும் பின்சக்கரம் சுழல்கிறது. மிதித்த இடத்திலிருந்த சங்கிலிக் கண்ணி சக்கரம்வரை போய்ச் சேரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, ஏனென்றால் சங்கிலி முழுவதும் ஒரே நேரத்தில் நகர்கிறது. ஒரு மைல் மிதித்த பிறகும் சங்கிலியின் நீளம் குறைவதில்லை. குறைவது மிதிப்பவரின் தெம்பு. சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் நின்றுவிடுகிறது. மின்சுற்றும் இப்படித்தான். கம்பியைச் சூழ்ந்திருக்கும் மின்புலத்தின் மாற்றம் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பரவுகிறது. இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கு அது போய்ச் சேர ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூட வேண்டாம். எலக்ட்ரான்களை நகர்த்தும் அந்தத் தள்ளுதலின் அளவைத்தான் வோல்ட் என்று சொல்கிறோம். ஒரு கூலோம் மின்னூட்டத்தை நகர்த்தும்போது எத்தனை ஜூல் ஆற்றல் கைமாறுகிறது என்பதே அதன் பொருள்.

மின்னோட்டம் முழுவதும் திரும்பிவிடுகிறது என்றால் மாதாமாதம் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று கேட்பது நியாயம். மீட்டர் எண்ணுவது ஆற்றலை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 230 வோல்ட்டில் 1,500 வாட் இஸ்திரிப் பெட்டி ஆறரை ஆம்பியர் எடுக்கும், அந்த ஆறரை ஆம்பியரையும் திருப்பித் தரும். ஆனால் இடையில் நொடிக்கு 1,500 ஜூல் வெப்பமாகத் துணிக்குப் போய்விடுகிறது. அது திரும்பாது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட்டுக்குச் சமமான ஆற்றல் அடங்கியிருக்கிறது. எஞ்சினும் ஜெனரேட்டரும் சேர்ந்து அதில் மூன்றரை யூனிட் அளவுக்கே மின்னாற்றலாக்குகின்றன, மீதி புகைபோக்கியிலும் குளிர்விக்கும் நீரிலும் வெப்பமாகப் போகிறது. ஆக, கப்பலில் ஹட் பேக்கு வந்து இறங்குவது ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றலைச் சுமக்கும் எலக்ட்ரான்கள் தீவின் கம்பிகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

கம்பியில் மின்னாற்றலைச் சேமித்துவைக்கவும் முடியாது. எடுக்கும் கணத்திலேயே அது உண்டாக்கப்பட வேண்டும். சிறிய மின்தொகுப்பில் இதை மிகத் தெளிவாகப் பார்க்கலாம். நான்கு காந்த முனைகள் கொண்ட ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழன்றால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மாலையில் வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கும் விசிறியும் ஓடத் தொடங்கும்போது, ஒவ்வொரு கருவியும் மின்னோட்டத்துக்குப் புதிதாக ஒரு வழியைத் திறக்கிறது. வழிகள் கூடக்கூட மொத்தத் தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. ஜெனரேட்டரின் சுருளில் ஓடும் அந்தக் கூடுதல் மின்னோட்டம் அதன் சுழற்சியையே எதிர்க்கும் காந்த விசையை உண்டாக்குகிறது. எஞ்சின் ஒரு கணம் கனத்துச் சுணங்குகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி அதை உணர்ந்து கூடுதல் டீசலைத் திறந்துவிடுகிறது. பெருநிலத்தின் மாபெரும் தொகுப்பில் ஒரு வீட்டு ஸ்விட்சின் பாதிப்பு கண்ணுக்கே தெரியாது. ஒரு தீவின் தொகுப்பில் ஊர் விளக்கேற்றும் நேரம் எஞ்சின் ஒலியிலேயே கேட்கும். ஒரு வீட்டில் தேவையில்லாமல் எரியும் விளக்கு அந்தக் கணத்திலேயே எங்கோ டீசலை எரிக்கிறது என்பது அறிவுரைக்காகச் சொல்வதல்ல, இயற்பியல் நடப்பு.

மேலே சொன்ன வழிகள் திறக்கும் கணக்கு புரிய, ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட உறவு ஒன்றே போதும்: மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம். இஸ்திரிப் பெட்டியின் சுருளுக்குச் சுமார் 35 ஓம் தடை, ஆகவே 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர். வீட்டுக் கருவிகள் எல்லாம் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பக்க இணைப்பாக நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கிறது, ஒன்றை அணைத்தால் மற்றது அணைவதில்லை. இதற்கு நேர்மாறானது கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் தொங்கும் பழைய சீரியல் செட். 6 வோல்ட் பல்புகள் நாற்பது அளவில் ஒரே கம்பியில் வரிசையாகக் கோக்கப்பட்டு, 230 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதில் முதல் பல்பு கடைசிப் பல்பைவிடப் பிரகாசமாக எரிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மின்னோட்டம் வழியில் தீரக்கூடியது என்றால் கடைசிப் பல்புக்கு மிச்சமே இருக்காது. ஒன்று பழுதானால் நாற்பதும் அணைவதற்கும் காரணம் அதேதான்: எல்லாவற்றுக்கும் ஒரே மின்னோட்டம், ஒரே சுற்று.

இங்கே அனுபவத்திலிருந்து வலுவான ஒரு மறுப்பு வரும். ஹட் பேயிலிருந்து வடக்கே சாலையோரமாக நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம் என்று குடியிருப்புகள் நீண்டுகொண்டே போகின்றன. இப்படி நீளும் எந்த ஊரிலும் கம்பியின் கடைக்கோடி வீட்டில் விளக்கு மங்குவதும் விசிறி மெதுவாகச் சுற்றுவதும் உண்டு. முன்னால் இருக்கும் வீடுகள் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டதால்தானே கடைசி வீட்டுக்குக் குறைகிறது? இல்லை. கம்பிக்கும் தடை உண்டு. போக அரை ஓம், வர அரை ஓம் தடையுள்ள கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால், 20 வோல்ட் கம்பியிலேயே செலவாகி, வீட்டுக்கு 210 வோல்ட்தான் மிஞ்சும். அந்த 20 ஆம்பியரில் எதுவும் குறையவில்லை. 400 வாட் ஆற்றல் கம்பியைச் சூடாக்கிக் காற்றில் போயிற்று. முன் வீடுகள் கூடுதலாக மின்னோட்டம் இழுக்கும்போது பொதுக்கம்பியில் இந்த வீழ்ச்சி கூடுகிறது, அதைத்தான் கடைசி வீடு அனுபவிக்கிறது. உப்புக் காற்றில் அரித்துப்போன ஒரு மூட்டும் இதே வேலையைச் செய்யும். தளர்ந்த மூட்டில் அரை ஓம் சேர்ந்தாலே, ஆறரை ஆம்பியர் ஓடும்போது அந்தச் சிறு இடத்தில் 21 வாட் வெப்பம் பிறக்கிறது. பிளாஸ்டிக் கருகும் வாசனை அங்கிருந்துதான் வருகிறது. இந்த இழப்பைக் குறைக்கத்தான் 11,000 வோல்ட். 100 கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்ப 435 ஆம்பியர் வேண்டும். 11,000 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் போதும். இழப்பு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அதே கம்பியில் அது இரண்டாயிரம் மடங்குக்கு மேல் குறைகிறது.

அந்த 11,000 வோல்ட் கம்பத்தை நிமிர்ந்து பார்ப்பவர், மூன்று கம்பிகள் போகின்றன, திரும்பி வரும் கம்பி எங்கே என்று கேட்கலாம். மூன்றிலும் ஓடும் மாறுமின்னோட்டங்கள் ஒரு சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கு விலகி நிற்கின்றன. எந்தக் கணத்தில் கூட்டினாலும் மூன்றின் கூட்டுத்தொகை சுழி. ஒரு கம்பியில் போவது அதே கணத்தில் மற்ற இரண்டில் திரும்புகிறது. கிர்க்காஃபின் விதி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு மறுப்பு எலெக்ட்ரீஷியனின் சட்டைப் பையில் இருக்கிறது. டெஸ்டரின் முனையை ஃபேஸில் மட்டும் வைத்தாலே உள்ளே நியான் விளக்கு எரிகிறதே, சுற்று எங்கே மூடியது? டெஸ்டரின் தலையில் உள்ள உலோகத்தை விரல் தொட்டால்தான் அது எரியும். ஃபேஸிலிருந்து டெஸ்டருக்குள் இருக்கும் மிக உயர்ந்த தடை வழியாக நியானுக்கும், அங்கிருந்து விரலுக்கும், உடல் வழியே தரைக்கும் போய், தரையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரில் எர்த் செய்யப்பட்ட நியூட்ரலுக்குத் திரும்புகிறது மின்னோட்டம். காலில் செருப்பு இருந்தாலும் உடலும் தரையும் ஒரு மின்தேக்கியின் இரு தகடுகள்போல் செயல்படுவதால் மாறுமின்னோட்டம் சிறிதளவு கடக்கிறது. டெஸ்டரின் தடை அதை ஓர் ஆம்பியரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கட்டுப்படுத்திவிடுவதால் நமக்கு உறைப்பதில்லை. அதே சுற்றில் டெஸ்டர் இல்லாமல், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவரின் கை ஃபேஸில் பட்டால் அவரைக் காப்பாற்ற அந்தத் தடை இல்லை. கம்பியில் அமர்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அதன் உடல் வழியே திரும்பும் பாதை இல்லாததுதான். ஆண்டில் பெரும்பகுதி மழை பெய்யும், கடல் உப்பு எல்லாவற்றின்மீதும் படியும் தீவில், நாம் போடாத சுற்றுகள் தாமாகவே உருவாகின்றன: நனைந்த சுவர், உப்புப் படிந்த இன்சுலேட்டர், மழையில் அறுந்து விழுந்த கம்பியைச் சுற்றியுள்ள சேறு. மின்னோட்டம் ஒற்றைக் கம்பியில் வந்து கருவியில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவருக்கு இந்த ஆபத்து கண்ணில் படாது. அது எப்போதும் திரும்பும் வழி தேடும் என்று அறிந்தவர், எர்த் கம்பியை அலட்சியம் செய்யமாட்டார், முப்பது மில்லி ஆம்பியர் கருவியைத் தேவையில்லாத செலவு என்று ஒதுக்கமாட்டார்.

மண்ணும் நீரும் திரும்பும் கம்பியாக முடியும் என்பதற்கு வங்காள விரிகுடாவின் அடியிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட, சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைக் கேபிள் சென்னையைப் போர்ட் பிளேரோடும், அங்கிருந்து லிட்டில் அந்தமான் உள்ளிட்ட ஏழு தீவுகளோடும் இணைக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் ஒளி வழியில் மங்கிவிடும் என்பதால் இத்தகைய நீண்ட கேபிள்களில் இடையிடையே ஒளிபெருக்கிகள் வைக்கப்படுகின்றன. கடலடியில் அவற்றுக்கு மின்சாரம் தருவது கேபிளுக்குள் இழைகளைச் சுற்றி ஓடும் ஒரேயொரு உலோகக் கடத்தி. கரையிலிருந்து பல ஆயிரம் வோல்ட்டில், ஓர் ஆம்பியரை ஒட்டிய மாறாத நேர்மின்னோட்டம் அதில் செலுத்தப்படுகிறது. பெருக்கிகள் எல்லாம் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் முதல் பெருக்கிக்கும் கடைசிப் பெருக்கிக்கும் அதே மின்னோட்டம் கிடைக்கிறது. திரும்பும் கம்பி கிடையாது; சுற்றை முடித்துவைப்பது கடல். உப்புநீரில் எலக்ட்ரான்களுக்குப் பதிலாக சோடியம், குளோரைடு அயனிகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்து அந்தப் பங்கைச் செய்கின்றன. திருவிழாவின் சீரியல் செட்டும் கடலடிக் கேபிளும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

சூரியத் தகடுகளைப் பற்றிப் பேசும்போதும் இந்தப் புரிதல் உதவும். சூரியனிலிருந்து எலக்ட்ரான் எதுவும் நம் கூரைக்கு இறங்கிவருவதில்லை. சிலிக்கனில் படும் ஒளி, அங்கே ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களுக்குத் தள்ளுதலைக் கொடுக்கிறது. டீசல் எஞ்சின் செய்யும் அதே வேலை, வேறு ஆற்றலிலிருந்து. போர்ட் பிளேரில் 2020 முதல் 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் பேட்டரித் தொகுதியோடு இயங்குகிறது. பேட்டரி எதற்கு என்றால், மேகம் மறைக்கும் கணத்திலும் எடுப்பும் கொடுப்பும் சமமாக இருந்தே ஆக வேண்டும் என்பதால். பேட்டரியிலும் மின்னூட்டம் அடைத்துவைக்கப்படுவதில்லை. ஒரு முனையில் வெளியேறும் எலக்ட்ரான்களின் அளவுக்கே மறுமுனையில் உள்ளே வருகின்றன. தீர்வதும் நிரம்புவதும் அதன் வேதி ஆற்றல். ஹட் பே போன்ற ஊர்கள் எதிர்காலத்துக்காகத் தேட வேண்டியது மின்னோட்டம் வந்து சேர இன்னொரு வழியை அல்ல. கம்பிகளும் அவற்றுள் எலக்ட்ரான்களும் ஊரிலேயே உள்ளன. அவற்றைத் தள்ளுவதற்குக் கடல் கடந்து வராத ஆற்றல் எது, மேகமும் இரவும் வந்தால் அதைச் சேமித்துத் தருவது எது, இடையில் மூட்டுகளிலும் மெல்லிய கம்பிகளிலும் வீணாவதை எப்படிக் குறைப்பது என்ற மூன்று கேள்விகள்தான் மிச்சம். மின்சுற்றைப் பள்ளிப் பாடமாக மனப்பாடம் செய்தவர்களால் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. போனது அத்தனையும் திரும்புகிறது, ஆற்றல் மட்டும் இறங்கிப் போகிறது என்று விளங்கிக்கொண்ட ஒரு பத்தாம் வகுப்பு மாணவியால் முடியும். தன் ஊர் மின்நிலையத்தைப் பற்றித் திட்டமிடுகிறவர்களிடம் அவள் சரியான கேள்வியைக் கேட்பாள், தன் வீட்டு மெயின் ஸ்விட்சில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் அவளே சொல்வாள்.